ஹோபார்ட் கூட்டத்தில் இந்தியா எதைக் கேட்க வேண்டும்: அண்டார்டிக்கக் கிரில் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தாரும், அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் செல்லும் இந்தியப் பேராளர் குழுவினரும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபரில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் கூடும் இந்த ஆணையத்தில் இந்தியா எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்தே உறுப்பு நாடாக இருக்கிறது. அங்கே எந்த முடிவும் ஒருமனதாகத்தான் எடுக்கப்படுகிறது என்பதால், ஒரு நாட்டின் மறுப்பு மற்ற எல்லா நாடுகளின் விருப்பத்தையும் நிறுத்திவைக்கும் வலிமை உடையது. அந்த மேசையில் நமக்கும் ஓர் இருக்கை இருப்பதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்டார்டிக்கத் தீபகற்பத்தைச் சுற்றிப் பிடிக்கப்படும், இறால் போன்ற சிறு கடலுயிரான கிரிலின் அளவை இடவாரியாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை மீட்க வேண்டும். அது மீளும்வரை பிடிப்பின் மொத்த அளவை ஒரு டன்கூட உயர்த்த இந்தியா இசையக் கூடாது.

அட்லாண்டிக் பக்கத்துத் தென்கடலில் ஓராண்டில் 6,20,000 டன் கிரில் பிடிக்கப்பட்டதும் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அந்த அளவு முழுவதையும் ஒரே இடத்தில் அள்ளிவிடாதபடி நான்கு கடற்பிரிவுகளுக்குப் பங்கிட்ட ஏற்பாடு 2009இல் வந்தது. தீபகற்பத்தை ஒட்டிய பிரிவுக்கு அதில் 25 விழுக்காடு, அதாவது 1,55,000 டன் மட்டுமே. 2024 அக்டோபர் கூட்டத்தில் இந்த ஏற்பாட்டைப் புதுப்பிக்க உடன்பாடு எட்டாததால் அது காலாவதியானது. அதற்கு அடுத்த பருவத்திலேயே, 2025 ஆகஸ்டில், வரலாற்றில் முதன்முறையாக மொத்த வரம்பும் எட்டப்பட்டு, பருவம் முடிவதற்கு முன்பே மீன்பிடிப்பு மூடப்பட்டது. பங்கீடு நீங்கியதும் கப்பல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரே பருவம் காட்டிவிட்டது.

கிரில் நிறுவனங்களின் வாதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு அப்பகுதியில் 6 கோடி டன்னுக்கு மேல் கிரில் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் 6,20,000 டன் என்பது வெறும் ஒரு விழுக்காடுதானே என்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் கப்பல்கள் அந்த ஒரு விழுக்காட்டைக் கடல் முழுவதும் பரவி எடுப்பதில்லை. கரையோரத்தில் கிரில் கூட்டம் அடர்ந்து நிற்கும் சில இடங்களிலேயே அவை வலை இறக்குகின்றன. பெங்குயின்களும் சீல்களும் திமிங்கிலங்களும் இரை தேடி வருவதும் அதே இடங்களுக்குத்தான். ஏரி நிறைய மீன் இருக்கிறதே என்று எல்லா வலைகளையும் ஒரே மடைவாயில் கட்டினால், அந்த மடையை நம்பி நிற்கும் கொக்குக்கும் நாரைக்கும் ஏரியின் மொத்தக் கணக்கால் பயனில்லை.

2022 ஜனவரியில் தெற்கு ஆர்க்னித் தீவுக்கூட்டத்தின் காரனேஷன் தீவருகே ஆய்வாளர்கள் கண்ட காட்சி இதற்குச் சான்று. ஏறத்தாழ ஆயிரம் துடுப்புத் திமிங்கிலங்கள் ஒரே இடத்தில் கூடி இரை உண்டுகொண்டிருக்க, அவற்றின் நடுவே நான்கு இழுவைக் கப்பல்கள் அதே கிரில் கூட்டத்தின்மீது வலை இழுத்துக்கொண்டிருந்தன. கடந்த நூற்றாண்டின் வேட்டையில் அழிவின் விளிம்புக்குப் போன இனம் அது. மீண்டு வருகிறது என்று நாம் மகிழத் தொடங்கும் நேரத்தில், அதன் இரைக்குப் போட்டியாக நாமே போய் நிற்கிறோம். இன்றைய இழுவைக் கப்பல்கள் பலவற்றில் வலையைத் தூக்கி இறக்கும் இடைவெளிகூட இல்லை. வலையின் அடிமுனையிலிருந்து குழாய் வழியாகக் கிரிலை இடையறாது உறிஞ்சியெடுக்கும் முறை வந்துவிட்டது. இப்படி எடுக்கப்படுவதில் பெரும்பகுதி சால்மன் பண்ணைகளுக்குத் தீவனமாகவும், ஒமேகா-3 மாத்திரைகளாகவும் ஆகிறது. இவை இரண்டுக்கும் வேறு மூலப்பொருள்கள் இருக்கின்றன. அங்குள்ள திமிங்கிலங்களுக்குக் கிரிலை விட்டால் வேறு போக்கில்லை.

மீன்பிடிப்பு மட்டும் சிக்கலாக இருந்தால் பழைய விதியே போதுமென்று விட்டுவிடலாம். அந்த விதிகளுக்கு அடிப்படையாக இருந்த கடலே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. கோடையில் இடப்படும் கிரில் முட்டைகள் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி அங்கே பொரிகின்றன. குஞ்சுகள் வாரக்கணக்கில் மேல்நோக்கி நீந்தி, குளிர்காலத்துக்கு முன் மேற்பரப்பை அடைகின்றன. முதிர்ந்த கிரிலால் பட்டினியில் உடலைச் சுருக்கிக்கொண்டு பல மாதம் தாக்குப்பிடிக்க முடியும். குஞ்சுகளுக்கு அந்தக் கொழுப்புச் சேமிப்பு இல்லை. உறைந்த கடலின் அடிப்பரப்பில் படரும் பாசியைச் சுரண்டித் தின்றுதான் அவை முதல் குளிர்காலத்தைக் கடக்கின்றன. கடற்பனி தாமதமாக உருவாகி விரைவில் உடைந்துபோகும் ஆண்டுகளில், அந்தத் தலைமுறையே மெலிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

2016 முதல் அண்டார்டிக்கக் கடற்பனியின் பரப்பு, அதற்கு முந்தைய செயற்கைக்கோள் பதிவுகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சரிந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அது 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்து, அதுவரை பதிவான கோடைக்கால அளவுகளில் மிகத் தாழ்ந்ததாயிற்று. அதே ஆண்டின் குளிர்கால உச்சம், அதற்கு முன் மிகக் குறைவாக இருந்த 1986ஆம் ஆண்டின் உச்சத்தைவிடவும் ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர் குறைவு. கிரில் இருப்பைக் கணக்கிட நாம் சார்ந்திருக்கும் பெரிய கணக்கெடுப்புகள் 2000, 2019 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் நடந்தவை. 2023க்குப் பிந்தைய கடலைப் பற்றி அவை எதையும் சொல்லவியலாது. மொத்தக் கிரில் குறைந்துவிட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் தென்மேற்கு அட்லாண்டிக்கில் கிரிலின் பரவல் 90 ஆண்டுகளில் ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்திருப்பதாக 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கப்பல்கள் இன்று குவிவதும் அப்படித் தெற்கே ஒதுங்கிய கிரில் சேரும் தீபகற்பக் கரையோரத்தில்தான்.

பனி குறைந்தால் என்ன நேரும் என்பதைப் பெங்குயின்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன. அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்தைச் சுற்றி எழுபதுகளில் ஏறத்தாழ 15,000 இணைகளாக இருந்த அடேலிப் பெங்குயின்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று இல்லை. தீபகற்பத்துக்கு மேற்கே உள்ள பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் நடந்தது இன்னும் கொடியது. எம்பரர் பெங்குயின்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனியின் மேல். குஞ்சின் மென்தூவி உதிர்ந்து, நீர் ஒட்டாத இறகு முளைக்கும்வரை அந்தப் பனி உடையாமல் இருக்க வேண்டும். 2022இன் இறுதியில், குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே அங்கே பனி உடைந்தது. செயற்கைக்கோள் படங்களில் பெங்குயின் எச்சத்தின் பழுப்புக் கறையாகத் தெரிந்துவந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில், அந்த ஆண்டு ஒரு குஞ்சுகூடத் தேறியிருக்க வாய்ப்பில்லை என்று பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வகத்தார் முடிவுக்கு வந்தனர். ரோத்ஸ்சைல்ட் தீவின் குடியிருப்பு மட்டும் தப்பியது.

கரிமப் புகையைக் குறைக்கும் அதிகாரம் இந்த ஆணையத்துக்கு இல்லை என்பதை அறிவேன். பனி இழப்பால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடங்களில் வலையின் சுமையைக் குறைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பிடிக்கப்படும் இனத்தோடு அதைச் சார்ந்து வாழும் இனங்களையும் காக்க வேண்டும் என்பதே 1980இல் கையெழுத்தான உடன்படிக்கையின் இரண்டாம் விதி. மீன்வள உடன்படிக்கைகளில் இத்தகைய தொலைநோக்கு அரிதானது.

கிழக்கு அண்டார்டிக்கா, வெடெல் கடல் ஆகிய இரண்டு பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளுக்கான முன்மொழிவுகளை ஆதரித்து, அவற்றை முன்வைக்கும் நாடுகளோடு சேர இந்தியா 2021இல் முன்வந்தது நான் மனமார வரவேற்ற முடிவு. அந்த வெடெல் கடலின் தென்பகுதியில், 2021இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் ஆய்வுக் கப்பல் இழுத்துச் சென்ற கேமரா, கடலடி மண்ணில் முக்கால் மீட்டர் அகலக் குழிகளாகத் தோண்டப்பட்ட பனிமீன் கூடுகளைக் காட்டியது. பல கூடுகளில் ஒரு மீன் முட்டைகளைக் காத்துக் கிடந்தது. ஏறத்தாழ 6 கோடி கூடுகள் அங்கே இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2016இல் ராஸ் கடலுக்குக் கிடைத்த காப்பு வெடெல் கடலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. சீனாவும் ரஷ்யாவும் இசையவில்லை.

இங்கேதான் இந்தியாவால் பிறரைவிடக் கூடுதலாகச் செய்ய முடியும் என்று கருதுகிறேன். கிரில் தொழிலில் நமக்குப் பங்கில்லை. நார்வேயைப் போலவோ சீனாவைப் போலவோ காக்க வேண்டிய கிரில் பிடிக்கும் கப்பல்கள் நமக்கில்லை. ரஷ்யாவோடு பல பத்தாண்டுகளாகப் பேச்சுவழி திறந்தே இருக்கிறது. முன்மொழிவில் பெயர் சேர்த்ததோடு நில்லாமல், அக்டோபருக்கு முந்தைய மாதங்களிலேயே மாஸ்கோவோடும் பெய்ஜிங்கோடும் இருதரப்புப் பேச்சில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அர்ஜென்டினாவும் சிலியும் 2018இல் முன்வைத்த தீபகற்பக் காப்புப் பகுதிக்கும் அதே ஆதரவை வெளிப்படையாகக் கொடுங்கள். 2004 முதல் நம் ஆய்வுக் கப்பல்கள் தென்கடலில் திரட்டிவரும் தரவுகளில் கிரிலுக்கும் கடற்பனிக்கும் உரியவற்றை ஆணையத்தின் அறிவியல் குழுவுக்கு முழுமையாக அளியுங்கள். கூட்டத்தில் இந்தியா எடுத்த நிலைப்பாட்டையும் அதற்கான காரணத்தையும், கூட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் இந்திய மொழிகளில் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள்.

இம்மடலுக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தென்கடல் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒரு குடிமகன்