சானா வராத பிள்ளைக்குச் சானா சொல்லிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளை ‘சோறு’ என்பதைத் ‘தோறு’ என்றும் ‘பஸ்’ என்பதைப் ‘பத்’ என்றும் சொன்னால், சானா வரவில்லை என்று ச, சா, சி, சீ ஒப்பிக்க வைக்கிறோம். அதனால் பலனில்லை.

எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று. நம் மலையகப் பேச்சில் சோறு, சம்பளம், பசி எல்லாவற்றிலும் வருவது காற்றுச் சீறும் ‘ஸ்’. ‘பச்சை’யில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடுகிறது, தொல்காப்பியம் சொல்லும் ‘இடைநா அண்ணம்’ இதற்குத்தான் பொருந்தும். ‘மஞ்சள்’ என்பதில் ஜகரம். பச்சையும் மஞ்சளும் சரியாக வந்தால் குறை சீறலில் மட்டுமே.

அடுத்து, காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். குளிர்பானம் உறிஞ்சும் குழலின் ஒரு முனையை முன்பற்களுக்கு நேரே பிடித்து ‘ஸ்ஸ்ஸ்’ சொல்லச் சொல்லுங்கள். நடுவில் இரைந்தால் நல்லது. கடைவாய்ப் பக்கம் கொண்டுபோனால்தான் இரைகிறது என்றால், எச்சில் கலந்தாற்போல் சளசளக்கும் அந்த ஒலி பெரும்பாலும் வயதோடு மாறாது. பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். நாக்குப் பல்லிடுக்கில் வெளியே வரும் மழலைக்கு ஐந்து வயதுவரை பொறுக்கலாம். 6, 7 வயதில் முன்பால்பல் விழுந்து சீறல் கெடுவது பெரும்பாலும் புதுப்பல் முளைத்ததும் சரியாகிவிடும்.

பயிற்சியைத் ‘த்’திலிருந்து தொடங்க வேண்டாம். நம் தகரம் பல்லையே தொடுவதால் நாக்கு நேராக வெளியே போய்விடும். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்னும்போது நுனிநா மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொடும். நமக்கு அது ‘காத்து’. ஆகவே ‘கன்னம்’ சொல்லி ‘ன்ன்’னில் நிறுத்துங்கள், நாக்கு நுனி அதே மேட்டில் நிற்கும். குரலை நிறுத்தி, பற்களை இலேசாகச் சேர்த்து, இதழை விரித்து, நுனியை ஒரு தாள் கனம் மட்டும் இறக்கி மெல்ல ஊதச் சொல்லுங்கள். கூட இறக்கினால் சீறல் மழுங்கும். வேகமாக ஊதினால் வெறும் இரைச்சல்தான்.

தனி ஒலி தெளிந்த பிறகே சொல். ‘சோறு’ என்று முழுதாகக் கேட்டால் பழைய தகரம் குறுக்கே வந்து ‘ஸ்ஸ்தோறு’ ஆகும். ‘ஸ்ஸ்’, சற்று நிறுத்தி, ‘ஓறு’ என்று பிரித்துச் சொல்லி இடைவெளியை மெல்லக் குறைக்க வேண்டும். ‘சீப்பு’ முதலில், ‘சோறு’ பிறகு. இகர ஈகாரத்தில் நாக்கும் இதழும் ஏற்கெனவே தோதாக இருக்கும். மஸ்கெலியா, இஸ்திரி போன்றவை கடைசியில். தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை போதும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் இது மாறாது.

அடிக்கடி சளியும் காதில் சீழும் வரும் பிள்ளைக்கு முதலில் செவிப் பரிசோதனை வேண்டும். ‘ஸ்’ஸின் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, அதைக் கேளாத பிள்ளைக்கு அதைச் சொல்வது கடினம். சாதாரணத் தொலைபேசி அழைப்பு 3,400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடுவதும் உண்டு. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்யும் தாய்மார் போனில் கேட்டதை மட்டும் வைத்துப் பிள்ளையைத் திருத்த வேண்டாம்.

பேச்சுச் சிகிச்சையாளர்,
ஹட்டன்