பொருள்: 180 வைத்தால் 225 காட்டும் உங்கள் ஓவன் – நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, புகார் செய்திருந்தேன். இந்த முறையாவது ஒரு மனிதர் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்களுடைய அந்த மூன்று நாப் வைத்த ஓவன்தான். எது என்று உங்களுக்கே தெரியும், அந்தச் சிவப்பு விளக்கு அணையவே அணையாத மாடல். குளிர்காலம் தொடங்கியபோது வாங்கினேன். அதை வாங்கியதே ஆரஞ்சும் மசாலாவும் போட்ட மஃபின் செய்யத்தான். ஆரஞ்சு நன்றாகக் கிடைப்பதும் அப்போதுதான், பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசனை வீடு முழுக்க நிற்க வேண்டும் என்று ஆசை வருவதும் அப்போதுதான். அந்தக் குளிர்காலம் முடியப் போகிறது. இதுவரை ஒரு மஃபினைக்கூட முழுசாகச் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். நாபை 180-ல் வைத்து, ஓவன் சூடேறிய பிறகு 12 குழி டிரேயை உள்ளே வைத்தேன். இருபது நிமிடம் ஆக வேண்டியது. ஒன்பதாவது நிமிடமே மேலே கறுத்துவிட்டது. பல்குச்சியால் குத்தினால் உள்ளே பச்சை மாவு அப்படியே ஒட்டுகிறது. பின்வரிசை இடது மூலையில் இருந்த இரண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், கரிக்கட்டை. ஒரு தடவை என்றால் என் தப்பு என்று விட்டிருப்பேன். ஐந்து தடவை, அறுபது மஃபின்.

சரி, நானே சோதித்துவிடலாம் என்று ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் வைத்தேன். நாபில் 180, உள்ளே 225. அதையும் நம்பாமல், ஒரு கிண்ணத்தில் வெள்ளைச் சர்க்கரை போட்டு நாபை 170-க்குக் குறைத்து கால் மணி நேரம் வைத்தேன். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். 170-ல் அது வெள்ளையாகவே கிடக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பாகு. படம் எடுத்து இரண்டாவது கடிதத்தோடு அனுப்பினேன். யாராவது திறந்து பார்த்தீர்களா?

இப்போது உங்கள் தொலைபேசி ஊழியருக்கு வருகிறேன். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நான் அழைத்தது மாவு கலந்து முடித்த நேரத்தில், ஏனென்றால் ஓவன் அப்போதுதான் திடீரென்று புகைந்தது. ஆரஞ்சுச் சாறும் பேக்கிங் சோடாவும் சேர்ந்த உடனே நுரைக்கத் தொடங்கிவிடும். அந்தக் குமிழிகள் போவதற்குள் மாவு சூட்டுக்குள் போக வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். "லைன்ல இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், 35 நிமிடம் அந்தப் பாட்டை ஓடவிட்டார். திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி: "பிளக் போட்டிருக்கீங்களா?" புகைகிற ஓவனுக்கு!

அதற்கப்புறம் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "ஆரஞ்சு புளிப்பு மேடம், புளிப்பு போட்டா கேக் சரியா வராது. வெனிலா போட்டுப் பாருங்க. இல்லன்னா கடையிலயே வாங்கிடலாமே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" ஓவன் விற்கிற நிறுவனத்தின் ஆள் கடையில் வாங்கச் சொல்கிறார். என் பெண் விரல் முட்டி உரிய உரிய நான்கு ஆரஞ்சுத் தோலைத் துருவி, அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும் என்று மேல்தோலை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்து, வாசனை எண்ணெய் இறங்கட்டும் என்று சர்க்கரையோடு கையால் தேய்த்து வைத்திருந்தாள். அந்தக் கிண்ணம் பக்கத்தில் இருக்க, இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் ஒரு மன்னிப்பு சொன்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்வேன். நான் சண்டைக்காரி இல்லை.

ஆனால் சர்வீஸ் சென்டர் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு ஆள் வரும் என்று மூன்று நாள் காக்க வைத்தீர்கள், யாரும் வரவில்லை. பிறகு "நீங்களே கொண்டு வாங்க" என்றீர்கள். அந்தக் கனத்தை மூன்று மாடி இறக்கி, வண்டி பிடித்துக் கொண்டுபோனேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு வந்த டெக்னீஷியன் செய்த சோதனை என்ன தெரியுமா? ஓவனைப் போட்டார், கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார், "நல்லா சூடாகுதே" என்றார். அவ்வளவுதான். சூடாகவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? என் தெர்மாமீட்டரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "வெளி சாமான் அலவ் இல்லை." அங்கே அவர்களுடைய தெர்மாமீட்டர் ஒன்றும் இல்லை. தாளில் "பழுது இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், கீழே துகள் விழுகிற தட்டைக் காணோம்.

இதற்கிடையில் உங்கள் மூன்றாவது பதிலின் அடியில், யாரோ கையால் சேர்த்தது போல ஒரு வரி: "குளிர்காலத்தில் அறையின் குளிர்ச்சியால் இப்படி நேரலாம்." குளிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வெண்ணெய் கல்லாக நிற்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே ஊற்றினால் கலவை திரிந்துபோகும். அதனால்தான் ஒரு மணி நேரம் முன்பே இரண்டையும் வெளியே எடுத்து வைக்கிறேன். அறை குளிர்ந்தால் ஓவன் சூடேறக் கொஞ்சம் தாமதமாகலாம். 45 டிகிரி கூடுதலாகவா ஏறும்? இது தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகத்தின் கோளாறு. எனக்கே தெரிகிறது, செய்து விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

முதல் தடவை நடந்ததைச் சொல்ல விட்டுப்போயிற்று. அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். ஜாதிக்காயை அப்போதே துருவிப் போட்டிருந்தேன். கருகிய தோல் துருவலின் கசப்பு மட்டும்தான் எல்லார் வாயிலும் நின்றது. ஒருவர் மரியாதைக்கு முழுவதையும் விழுங்கினார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வெண்ணெய், முட்டை, மசாலா எல்லாவற்றையும் கூட்டினால் ஓவன் விலையையே தாண்டிவிடும் போல இருக்கிறது. என் பெண் இனி ஆரஞ்சையே தொட மாட்டேன் என்கிறாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பாழ். அதற்கு எந்த ரசீதைக் காட்டி நான் பணம் கேட்பது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றி, என் எதிரில் தெர்மாமீட்டர் வைத்து 180-க்கு 180 காட்டுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி முன்னே பின்னே இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். முடியாது என்றால் வேறு ஓவன் தாருங்கள், அதுவும் முடியாது என்றால் பணத்தைத் திருப்புங்கள். வாரண்டி இன்னும் இருக்கிறது, பில் இணைத்திருக்கிறேன். "பழுது இல்லை" தாளையும் இணைத்திருக்கிறேன். பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால், சர்க்கரைப் படம் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம், எனக்கும் அலைய ஆசையில்லை. ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டர் நன்றாகவே பழக்கிவிட்டது.

இந்த முறை ஓவனை நான் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். ஆள் அனுப்புங்கள். அவர் கையில் அந்தத் துகள் தட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு)