யாழினிக்கு, மேடை ஏறும் முன்

அன்பு யாழினி,

மனசு சரியாகிற வரைக்கும் பாடப்போவதில்லை, பேண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று நீ அனுப்பியதை அம்மாவும் நானும் படித்தோம். பாடித்தான் ஆக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டோம். ஆனால் அமெரிக்க ராக் பேண்டான ஆலிஸ் இன் செயின்ஸின் ‘அன்பிளக்டு’ கச்சேரியை, மின்கிடார் இல்லாமல் வாசித்ததை, ஒருதரம் முழுசாகப் பார். பாட்டெல்லாம் உனக்கு மனப்பாடம். கச்சேரியை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனி.

1996 ஏப்ரல் 10, நியூயார்க், ப்ரூக்ளினில் மெஜஸ்டிக் தியேட்டர். எம்டிவி என்ற இசைச் சேனலுக்கான பதிவு. இரண்டு வருஷத்துக்கும் மேலாக அவர்கள் கச்சேரியே செய்திருக்கவில்லை. 1994இல் மெட்டாலிகா என்ற இன்னொரு ராக் பேண்டோடு போகவிருந்த சுற்றுப்பயணத்தைக் கடைசி நேரத்தில் கைவிட்டிருந்தார்கள். பாடகர் லேன் ஸ்டேலி ஹெராயினில் சிக்கியிருந்தார். திரும்பி வருவாரா என்பதே பலருக்குச் சந்தேகம்.

முதல் பாட்டு ‘நட்ஷெல்’. மற்றவர்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், லேன் கடைசியாக வருகிறார். முடிக்கு ரோஸ் சாயம், ஆள் மெலிந்து போயிருக்கிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பாட ஆரம்பிக்கிறார். குதிக்க வேண்டாம், மேடையில் ஓட வேண்டாம். சுற்றிலும் மெழுகுவத்திகள், அக்கூஸ்டிக் கிடார். இரண்டாவது கிடாருக்கு ஸ்காட் ஓல்சன் என்று ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

கிடார் வாசித்தபடி கூடவே பாடும் ஜெர்ரி கான்ட்ரெலைப் பார். ஹாட் டாக் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போய், அந்த நிலையில்தான் அன்றைக்கு வாசித்தார். பல இடங்களில் அவர் குரல் லேனுடைய குரலை விட்டுப் பிரிவதே இல்லை. வேறு சுரத்தில், அதே வார்த்தையை அதே மூச்சில் பாடுகிறார். ஹெட்போனில் கேள், எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று பிரிக்கவே முடியாத இடங்கள் வரும். ‘ஸ்லட்ஜ் ஃபேக்டரி’யில் லேனுக்கு வரி தவறிவிடுகிறது. வாய்விட்டுத் திட்டிக்கொள்கிறார். யாரும் முகம் சுளிக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார்கள். பேஸ் வாசிக்கும் மைக் ஐனெஸ், முடியை வெட்டிக்கொண்ட மெட்டாலிகாகாரர்களைக் கிண்டல் செய்து தன் கிடாரிலேயே எழுதி வைத்திருந்தார். அவர்கள் அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலைமையிலும் அப்படி ஒரு விளையாட்டு!

வலி இருந்ததால்தான் இசை இவ்வளவு நன்றாக வந்தது என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. பல வருஷம் சேர்ந்து வாசித்த பழக்கம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் அக்கறை, அதனால் வந்தது அது. லேனால் எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்குக் கச்சேரியை அமைத்தார்கள். உன் பேண்டிடமும் இதைக் கேட்கலாம். ஒரு மணி நேரம் வேண்டாம், உட்கார்ந்தபடி மெதுவான மூன்று பாட்டு. உன் வரிகளில் பாதியை உன்னோடு சேர்ந்து பாடுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். அதுவும் பாரமென்றால் விட்டுவிடு, குறைந்துபோக எதுவுமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கச்சேரியின் ஆல்பம் அதே வருஷம் ஜூலையில் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடத்துக்குப் போனது. ஆனால் அதே ஜூலை 3ஆம் தேதி கேன்சஸ் சிட்டியில் வாசித்ததுதான் லேனோடு அவர்கள் செய்த கடைசிக் கச்சேரி. 2002 ஏப்ரலில், 34 வயதில், போதை மருந்து அளவு மீறி அவர் இறந்துபோனார். அவ்வளவு நல்ல இரவு ஒன்று அமைந்தும் அவருடைய நோயை அது தீர்க்கவில்லை. உன் கஷ்டம் வேறு, எனக்குத் தெரியும். இருந்தாலும் பாடினால் சரியாகிவிடும் என்று நானோ நீயோ நினைத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் வராததையும் சாப்பிடப் பிடிக்காததையும் டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே நேரம் வாங்கு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா