வில்கோலினெட்ஸ் ஊர்ச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், கூட்டத்துக்கென்றே மேலேறி வந்திருக்கும் ருஷோம்பெரோக் நகரத்து வீட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

புதிய உறுப்பினர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஸ்லோவாக்கியாவில் சிடொரோவோ மலையடியில், 700 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறோம். 1376-ஆம் ஆண்டு ஆவணத்தில் ஊர்ப்பெயர் முதன்முதலாக வருகிறது. மரம் வெட்டுவது, ஆடு மாடு மேய்ப்பது, சரிவில் ஒடுங்கிய துண்டு நிலங்களில் பயிரிடுவது என்றே முன்னோர் பிழைத்தார்கள். 1944-இல் போரின்போது பல வீடுகள் எரிந்துபோயின. அப்படியும் 45 கட்டடங்களோடு பழைய அமைப்பு குலையாமல் நின்றதால், 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தோம்.

இந்த ஆண்டு அதிக நேரம் போனது சுவர்களுக்குத்தான். நம் வீடுகள் கல் அடித்தளத்தின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி, மண் பூசி, சுண்ணாம்பு அடித்தவை. பனி உருகும் காலத்தில் பூச்சு உதிர்வது வழக்கம். ஓர் உறுப்பினர் சிமெண்ட் பூசிவிடலாமா என்று கேட்டார். செலவு மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும், சரிதான். ஆனால் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே கட்டை உளுத்துப்போவது நமக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு மண்ணே போதும் என்று முடிவானது. அவருக்கு இன்னும் மனத்தாங்கல்தான். பூசத் தெரிந்தவர்கள் வயதானவர்கள் என்பதால், இளையவர்கள் கூட நின்று பழக ஏற்பாடு செய்தோம். கூரைக்கு மர ஓடு மாற்றுவதிலும் இதே கதை.

1770-இல் கட்டிய மர மணிக்கூண்டும், 1860-ஆம் ஆண்டுக் கிணறும் நன்றாக இருக்கின்றன. 1875-இல் எழுந்த மாதா கோயிலைப் பற்றியும் புகார் இல்லை.

அடுத்து, வருகையாளர்கள். நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டால் ஊரே அருங்காட்சியகம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள், முற்றத்துக்குள் வந்து படமெடுக்கிறார்கள். ஒரு வீடு அருங்காட்சியகம்தான், அதைத் தாராளமாகப் பார்க்கட்டும். மற்றவை குடியிருக்கும் வீடுகளும் விடுமுறை வீடுகளும். நிரந்தரமாக வசிப்பவர்கள் இருபதுக்கும் குறைவு. பட்டியலிலிருந்தே விலகிவிடலாம் என்று சிலர் பேசும் அளவுக்கு எரிச்சல் வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாதுகாக்க வேண்டிய வீட்டில் விளக்கெரிய ஆள் வேண்டுமல்லவா? வேலி ஓரங்களில் ‘இது வீடு’ என்று நான்கு மொழிகளில் பலகை வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

கடைசியாகப் புல்வெளி. அறுக்காமல் விட்ட துண்டுகளில் புதர் மண்டி, காடு கீழே இறங்கிவருகிறது. பழைய நிலவரப்புகள் அடையாளம் தெரியாமல் போகின்றன. வரும் கோடையில் புல்லறுப்புக்கு வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும். வார இறுதிக்கு மட்டும் வரும் உறுப்பினர்களும் இதில் அடக்கம். அரிவாள் இல்லையென்றால் சங்கம் தரும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.