தேடச் சொன்னால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே ‘இணையத்தில் தேடி எழுதி வா’ என்று வீட்டுப்பாடம் தருகிறார்கள். எப்படித் தேடுவது என்று சொல்லித்தருவது அபூர்வம். முதலில் வரும் பக்கத்தை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. பல வீடுகளில் அதையும் பெற்றோர்தான் செய்கிறார்கள்.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். அது மதுரை மாவட்டத்தில் இருப்பதாக எழுதும் பக்கங்கள் உண்டு. இருப்பதோ சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டத்தில். காலம் பற்றியும் ஆளுக்கொரு எண் போடுகிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே கிடைத்த கரிம மாதிரியின் அடிப்படையில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்கிறது. அந்த அறிக்கையையும் யாரோ பேசிய யூடியூப் வீடியோவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது, எடுத்துச் சொன்னால், பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். எழுதியது யார், எப்போது, வேறு இடத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்கப் பழக்க வேண்டும். அப்புறம், படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதவும், எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடவும் சொல்லித்தர வேண்டும். வீட்டு முகவரி, போன் நம்பர் கேட்கும் தளத்தை உடனே மூடிவிட்டுப் பெரியவர்களிடம் சொல்வதும் இதில் சேரும்.

மதுரை புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தொடக்கப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், இணையத்தில் பார்த்ததைப் புத்தகத்தோடு ஒப்பிடச் செய்யலாம். இதற்கென வாரம் ஒரு பாடவேளையைக் கல்வித்துறை ஒதுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.