ஓவியத்தை முதலில் மதிப்பிட வேண்டியவர் அதை வரைந்த மாணவரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவிய வகுப்புகளில் மதிப்பெண் இடும் முறை குறித்துப் பலரும் பேசுகிறார்கள்; மாணவர் தம் படத்தைத் தாமே மதிப்பிடப் பழக்குவது குறித்து அவ்வளவாகப் பேச்சில்லை. என் கருத்தில் அதுவே முதலில் நடக்க வேண்டும். ஆசிரியரின் சிவப்பு மை அதற்குப் பிறகு வரட்டும்.

"படம் எப்படி வந்திருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால், "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். கேள்வி படத்துக்குள் இறங்க வேண்டும். கண்மட்டத்துக்குக் கீழே வைத்த குவளையில், வாய் விளிம்பைவிட அடி விளிம்பின் வளைவு கூடுதலாகத் தெரியும். ஆயினும், குவளை மேசையில் தட்டையாக நிற்கிறது என்ற அறிவு கண்ணை முந்திக்கொள்வதால், புதிதாக வரைபவர்கள் அடியில் நேர்கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். முகம் வரைபவர்கள், தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் அமைய வேண்டிய கண்களை மேலே ஏற்றிவிடுவதும் இவ்வகைப் பிழையே. "இந்தக் கோட்டைப் பார்த்து வரைந்தாயா, இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி வரைந்தாயா?" என்று கேட்டால், பிழை நேர்ந்த இடத்தைப் பெரும்பாலும் மாணவரே தொட்டுக் காட்டிவிடுவார்.

நெடுநேரம் வரைந்த கண் தன் பிழைக்குப் பழகிவிடும் என்பதும் உண்மைதான். கண்ணாடியில் பார்த்தால் படம் இடவலம் மாறி, வேறொருவர் கைவேலைபோலத் தோன்றும், குறைகளும் எளிதில் புலப்படும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவ்வப்போது வேலையை விட்டு விலகிப்போய்த் திரும்பி வந்து பார்க்கவும் சொல்கிறார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும், கைப்பேசியில் படமெடுத்துச் சிறிதாக்கிப் பார்ப்பதும் இதே பயனைத் தரும். (கைப்பேசியை வகுப்பில் அனுமதிக்க இந்த ஒரு காரணமாவது உண்டு.)

மாணவரின் தாளிலேயே அழுத்தமாகக் கோடு போட்டுத் திருத்தும் ஆசிரியர்கள், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், பிழையோடு சேர்த்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் அழித்துவிடுகிறார்கள். மெல்லிய தாளை மேலே வைத்து அதில் திருத்திக் காட்டலாம். மதிப்பெண்ணும் அவசரப்பட்டு வரக்கூடாது. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் திறனும் உயர்ந்தன. கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. அது ஓவிய வகுப்பில் நடந்த ஆய்வு அன்று; ஆனால், எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடும் மாணவர்களை அறிந்த எவருக்கும் அந்த முடிவு வியப்பளிக்காது.

ஒவ்வொரு படத்தின் பின்புறமும் தேதியிட்டு, எது கைகூடியது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று மாணவர் இரண்டு வரி எழுதட்டும். சரியாக வராத படங்களையும் கிழித்தெறியாமல் கோப்பில் சேர்க்கட்டும். சில மாதங்கள் கழித்துப் பழையதையும் புதியதையும் அருகருகே வைக்கும்போது அந்த வரிகள் உதவும். அவற்றுக்கு மட்டும் மதிப்பெண் இடவேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இட்டால், ஆசிரியருக்குப் பிடித்த குறைகளைத் தேடி எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்