எல்எல்.எம். தேர்வுக்கு இந்தப் பட்டியல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் முதுகலைச் சட்டம் (எல்எல்.எம்.) படிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, உலகத் தரவரிசையின் முன்னணி இடங்களை அப்படியே எடுத்துப் போட்டதோடு முடிந்துவிட்டது. நான் சட்டக் கல்லூரி ஆசிரியர். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவர்களின் கையிலும் இதே பட்டியல்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

க்யூஎஸ் என்ற நிறுவனம் போடும் சட்டத் தரவரிசையில் பெரும்பகுதி மதிப்பெண், கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் நடத்தும் கருத்துக்கணிப்பில் கிடைப்பது. மீதி, ஆய்வுக் கட்டுரைகளை வைத்து. எல்எல்.எம். வகுப்பில் எத்தனை பேர், ஆய்வேட்டுக்கு யார் வழிகாட்டி என்பதெல்லாம் அதில் வராது. அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் பட்டியலோ, அங்கே வழக்கறிஞராகப் படிக்கும் அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி.யை வைத்துப் போடுவது. அதையும் அளக்கும் முறை சரியில்லை என்று சொல்லி, யேல், ஹார்வர்டு சட்டக் கல்லூரிகள் 2022 நவம்பரில் விலகிக்கொண்டன.

அண்மையில் ஒரு மாணவி கடல்சார் சட்டம் படிக்க வேண்டும் என்று, பட்டியலில் மேலே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தை முடிவு செய்துகொண்டு வந்தார். சரி, பாடங்களைப் பார்ப்போம் என்று அவர்களுடைய இணையதளத்தைத் திறந்தோம். கடல்சார் சட்டம் என்று இருந்தது ஒரே ஒரு விருப்பப் பாடம். அதன் கீழே சின்ன எழுத்தில், 'இந்தக் கல்வியாண்டில் நடத்தப்படாது'. பிரிட்டனில் உள்ள சவுத்தாம்ப்டன், ஸ்வான்சி பல்கலைக்கழகங்களில் கடல்சார் சட்டத்துக்கென்றே தனி எல்எல்.எம். உண்டு. பட்டியலில் கீழே இருந்ததால் அந்தப் பெயர்கள் அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

தரவரிசையைப் பார்த்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த 'ஹை பொட்டென்ஷியல்' விசாவுக்கு (சிறந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் அங்கே வேலைக்கு வருவதற்கான விசா) தகுதியான வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைத் தரவரிசைகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அப்படி ஒரு தேவை இருப்பவர் பார்க்கட்டும்.

நியூயார்க்கில் வழக்கறிஞராக நினைப்பவருக்குக் கணக்கே வேறு. எல்எல்.எம். வழியாக அங்கே பார் தேர்வு (வழக்கறிஞர் உரிமத் தேர்வு) எழுத வரும் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிக்குக் எல்எல்.எம். படிப்பில் குறைந்தது 24 கிரெடிட் (பாட அலகு) வேண்டும், அதிலும் சில பாடங்கள் கட்டாயம். எவ்வளவு பெயர் பெற்ற பல்கலைக்கழகமானாலும், அந்தப் பாடங்களை எடுக்காமல் விட்டால் தேர்வு எழுத முடியாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எந்தப் பாடம் எங்கே உண்மையில் நடக்கிறது, யார் நடத்துகிறார், பட்டம் எந்த நாட்டுப் பார் தேர்வுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கல்விக்கடன் வாங்கிப் போகிற பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு சட்டக் கல்லூரி ஆசிரியர்